கைப்பையில் போன அதிமதுரம்

டாக்டரின் மேஜைக்கு முன்னால் ஒரு நாற்காலியும் ஒரு ஸ்டூலும் கிடந்தன. நாற்காலியில் என் வீட்டுக்காரர் உட்கார்ந்தார். ஸ்டூல் எனக்கு. நான் உட்காரவில்லை. கைப்பையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு அவர் தோளுக்குப் பின்னால் நின்றேன்.

பைக்குள் ஒரு பழைய காப்பித்தூள் புட்டி இருந்தது. புட்டி நிறைய அதிமதுரக் குச்சிகள். மூடி சரியில்லாததால் பை முழுக்க லேசான இனிப்பு வாசம். அது டாக்டர் வரைக்கும் போய்விடுமோ என்று ஒரு பயம். போய்விடாதா என்று ஓர் ஆசை.

டாக்டர், தில்லியிலேயே பிறந்து வளர்ந்த பஞ்சாபி அம்மாள். என் வயதுதான் இருக்கும். என் வீட்டுக்காரர் பிளாஸ்டிக் கவரிலிருந்து மாத்திரை அட்டைகளை எடுத்து மேஜையில் வரிசையாக வைத்தார். டாக்டர் ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்துவிட்டு, "அவுர் குச்?" என்றார். வேறு ஏதாவது சாப்பிடுகிறீர்களா என்று கேட்கிறார்.

"நஹீ மேடம். பஸ், இத்னா ஹீ," என்றார் என் வீட்டுக்காரர். அவ்வளவுதானாம்.

என் வாய்க்குள் ஒரு ஹிந்தி வாக்கியம் வந்து நின்றது. வெளியே வர மறுத்தது.

இந்தத் தொடரில் இதுவரை குளிரைப் பற்றி எழுதினேன், தண்ணீர் வராத நாட்களைப் பற்றி எழுதினேன், அக்கம்பக்கத்தாரைப் பற்றி எழுதினேன். என்னைப் பற்றி அதிகம் எழுதியதில்லை. கூச்சம்தான். இந்த வாரம் மட்டும் கொஞ்சம் பெருமை அடித்துக்கொள்கிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

காய்கறி ஹிந்தி

கல்யாணமாகி திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து மோதி பாக் சர்க்கார் குவார்ட்டர்ஸுக்கு வந்தபோது எனக்குப் பத்தாம் வகுப்புப் படிப்பும், "பானி", "ரோட்டி" என்ற இரண்டு வார்த்தைகளும் இருந்தன. வருஷங்கள் போனதில் வார்த்தைகள் கூடின. ஆனால் எல்லாம் தள்ளுவண்டிக்காரரிடம் பேசுகிற வார்த்தைகள். "பையா, பிண்டி கைசே தியா?" வெண்டைக்காய் என்ன விலை என்று கேட்பேன். அதைத் தாண்டி எனக்கு நாக்கு எழும்பாது.

தமிழிலும் அப்படித்தான். நாலு பேர் இருக்கிற இடத்தில் என் குரல் எனக்கே கேட்காது. விசேஷ வீடுகளில் நான் அடுக்களைக்குள் புகுந்து தேங்காய் திருவ உட்கார்ந்துவிடுவேன். தேங்காய் திருவுகிறவளிடம் யாரும் கேள்வி கேட்பதில்லை.

எங்கள் வீட்டுக்கு வாயாக இருந்தது என் மகள் சுதா. தில்லியில் பிறந்தவள். டெலிபோன் ஆபீஸ், ரேஷன் கடை, ஆஸ்பத்திரி எதுவானாலும் அவள்தான் போய்ப் பேசுவாள். அப்பாவை டாக்டரிடம் கூட்டிப்போவதும் அவள்தான். நான் வெளியே பெஞ்சில் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அந்தப் பெஞ்சின் எந்தப் பலகை ஆடும் என்பதுகூட எனக்குத் தெரியும்.

அந்த மார்ச் மாதம் சுதாவுக்கு போர்டு பரீட்சை. ஆஸ்பத்திரிக்கு வரச் சொன்ன நாளும் பரீட்சை நாளும் ஒன்றாக வந்துவிட்டன.

"அம்மா, நீயே போயிட்டு வா. டரோ மத்," என்றாள். பயப்படாதே என்கிறாள். "டாக்டர் போன தடவையே சொன்னாங்க, அப்பா சாப்பிடுறது சப் குச் கொண்டு வரணும்னு. எல்லாம். புரிஞ்சுதா?"

எனக்குப் புரிந்தது. நான் சொன்னதை அப்படியே செய்கிறவள். எல்லாம் என்றால் எல்லாம்.

தொண்டைக்காக ஒரு தவம்

அவருக்கு என்ன உடம்பு என்று சொல்ல வேண்டும். அதற்கு முன் அவர் பாட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

என் வீட்டுக்காரர் ஒரு மத்திய சர்க்கார் ஆபீஸில் கிளார்க். ஆபீஸில் அவர் குரல் யாருக்கும் தெரியாது. ஆனால் பங்குனி உத்திரத்தன்று எங்கள் காலனியிலிருந்து குன்றின் மேல் இருக்கிற முருகன் கோயிலுக்குக் காவடி போகும்போது முன்னால் நின்று பாடுகிறவர் அவர்தான். பாடுகிறவர் வலது காலில் சலங்கை கட்டிக்கொண்டு மிதித்துத் தாளம் கொடுக்க வேண்டும் என்பது எங்கள் கூட்டத்தின் வழக்கம். அவர் முதல் அடியை எடுத்துக் கொடுத்தால் பின்னால் வருகிற அத்தனை பேரும் வாங்கிப் பாடுவார்கள். ரோட்டில் போகிற ஸ்கூட்டர்காரன்கூட நின்று பார்ப்பான்.

அதற்கு முந்திய வருஷம் கோயில் அடிவாரத்தில் அவர் குரல் கட்டிக்கொண்டது. காற்றுதான் வந்தது. கூடப் பாடிவந்த மணி அண்ணாச்சி பாதியில் எடுத்துப் பாடி ஒப்பேற்றினார். இவருக்கு அது நெஞ்சில் முள்ளாகத் தைத்துவிட்டது.

"அடுத்த வருஷம் பாரு," என்றார் என்னிடம். தீபாவளி கழிந்து குளிர் தொடங்கியதுமே ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் நம் ஊர்ச் சாமான் விற்கிற கடைக்குப் போய்ப் பெரிய பொட்டலமாக அதிமதுரம் வாங்கி வந்தார். எழுந்ததும் ஒரு துண்டு வாயில். ஆபீஸ் பஸ்ஸில் ஒன்று. சாப்பாட்டுக்குப் பின் ஒன்று. ராத்திரி அதையே தட்டிப் போட்டுக் கொதிக்க வைத்து ஒரு டம்ளர். சட்டைப் பையில், ஸ்வெட்டர் பையில், தலையணைக்கு அடியில் எல்லாம் குச்சி. துணி துவைக்கும்போது என் கையில் அகப்படும்.

சுதா கேலி செய்வாள். "அப்பா, நீ மாடு மாதிரி சபா சபாகே சாப்பிடுறே யார்." மென்று மென்று தின்கிறாராம்.

"போளா. இது தொண்டைக்குத் தவம்," என்பார்.

மார்கழியில் தலைவலி தொடங்கியது. டிஸ்பென்சரியில் பிரஷர் கூடியிருக்கிறது என்று மாத்திரை கொடுத்தார்கள். இறங்கவில்லை. மாத்திரையைக் கூட்டினார்கள். அப்புறம் நீர் பிரிகிற மாத்திரை ஒன்று. அதற்கும் இறங்கவில்லை. கணுக்கால் வீங்கியது. எங்கள் மாடிப்படியை ஏறி வந்தால் துணிமூட்டை மாதிரி உட்கார்ந்துவிடுவார். தொடையில் பலமே இல்லை என்பார். பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அங்கே ரத்தத்தைச் சோதித்து, ரத்தத்தில் இருக்க வேண்டிய ஓர் உப்புச் சத்து குறைந்திருக்கிறது, ஏன் என்று பார்க்க வேண்டும் என்றார்கள்.

"இந்த முறையும் இப்படியே இருந்தால் வார்டில் சேர்க்க வேண்டியிருக்கும். காவடி, நடை எதையும் நினைக்கவே கூடாது." டாக்டர் சொன்னதாக சுதா வந்து சொன்னாள். சொல்லும்போதே அவள் முகம் சரியில்லை. அவர் ஆணியில் தொங்கிய சலங்கையைப் பார்த்துவிட்டுப் பாயில் போய்ப் படுத்துக்கொண்டார்.

கசந்தால் மருந்து, இனித்தால் முட்டாய்

இங்கே கொஞ்சம் என் அடுக்களை அலமாரியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

தில்லியில் எந்தத் தமிழ் வீட்டைத் திறந்து பார்த்தாலும் அந்த அலமாரி இருக்கும். சுக்கு, மிளகு, திப்பிலி, சித்தரத்தை, ஓமம், கடுக்காய், வசம்பு. பால்கனியில் நெய் டின்னில் கற்பூரவல்லியும் துளசியும். நம் ஊர் மருந்துக்கு இந்த ஊரிலும் பேர் உண்டு. ஓமத்தை அஜ்வாயின் என்பார்கள். எதிர் வீட்டில் இருந்த, இமயமலைப் பக்கத்து கர்வாலி அம்மாளும் நானும் பேசிக்கொள்ளாமலேயே வருஷக்கணக்காகச் சிநேகமாக இருந்தது ஓமத்தால்தான். அவர் பேரனுக்கு வயிறு வலித்தால் கதவைத் தட்டி வயிற்றைத் தடவிக் காட்டுவார். நான் ஓமம் கொடுப்பேன்.

இவையெல்லாம் நல்லவைதான். ஆனால் பத்தியம் தெரியாமல் தொட்டால் கடிக்கும். சுக்கும் திப்பிலியும் சளியை அறுக்கும். அளவு மீறினால் நெஞ்சுக்குள் அடுப்பு மூட்டியதுபோல எரியும். வெந்தயம் சர்க்கரையை இறக்கும். சர்க்கரை மாத்திரையையும் போட்டுக்கொண்டு, வெந்தயத் தண்ணீரையும் குடித்துவிட்டு, வெறும் வயிற்றோடு பஸ் ஸ்டாண்டில் நின்றால் தலை சுற்றிக் கீழே விழ வேண்டியதுதான். எங்கள் பிளாக்கில் ஒருவர் விழுந்தார். சுதா கைக்குழந்தையாக இருந்தபோது ஊரிலிருந்து வசம்பு வந்தது. உரசி நாக்கில் வைக்கக் கூடாது, பிள்ளைக்கு ஆகாது என்று டிஸ்பென்சரி நர்ஸ் சொன்னதால், கையில் வளையலாகக் கட்டுவதோடு விட்டோம்.

மணி அண்ணாச்சி கதை தனி. அவர் எங்கள் காவடிக் கூட்டத்துக்கு மூத்தவர், நல்ல மனுஷர். ஒரு மே மாத வெயிலில் உடம்புச் சூட்டுக்குச் சோற்றுக் கற்றாழை நல்லது என்று யாரோ சொல்லிவிட்டார்கள். தோலைச் சீவி, வடிகிற மஞ்சள் பாலை ஒழுகவிட்டு, சோற்றைப் பல தண்ணீரில் அலச வேண்டும். அண்ணாச்சிக்கு அவசரம். பூங்காவிலிருந்து ஒடித்து வந்து, பாலோடு அப்படியே விழுங்கிவிட்டு ஆபீஸ் போனார். அன்றைக்கு அவர் தன் நாற்காலியைவிட வேறோர் இடத்தில்தான் அதிக நேரம் உட்கார்ந்திருந்தார்.

"வே, சூடு போச்சா?" என்று என் வீட்டுக்காரர் சாயங்காலம் கேட்டதற்கு, "சூடு மட்டுமாவே போச்சு? உயிரைத் தவிர எல்லாம் போச்சு," என்றார்.

இதையெல்லாம் நாங்கள் கண்ணால் பார்த்தவர்கள். ஆனாலும் அதிமதுரத்தின் மேல் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. ஏனென்றால் அது இனிக்கும். கசந்தால் மருந்து என்று நினைத்து அளவு பார்ப்போம். இனித்தால் முட்டாய். முட்டாயை யார் டாக்டரிடம் சொல்வார்கள்?

பஸ்ஸில் ஒரு வழக்கு

அன்று காலையில் மாத்திரை அட்டைகளை அவர் கவரில் போட்டுக்கொண்டார். நான் அலமாரியைத் திறந்து புட்டியை எடுத்துக் கைப்பையில் வைத்தேன். எனக்கு எதுவும் தெரிந்து அப்படிச் செய்யவில்லை. எல்லாம் என்று சுதா சொன்னாள். அவர் வாய்க்குள் போகிறதில் சோற்றுக்கு அடுத்தபடி அதிகமாகப் போவது அதுதான்.

பஸ்ஸில் டிக்கெட்டுக்குச் சில்லறை எடுக்கும்போது புட்டி தலையைக் காட்டிவிட்டது.

"ஏளா, அதை எதுக்கு எடுத்துட்டு வார?"

"எல்லாத்தையும் கொண்டு வரச் சொன்னாகல்லா."

"சவம், இது மருந்தாளா? அப்படின்னா உப்பு டப்பா, புளி டப்பா எல்லாத்தையும் தூக்கிட்டு வந்திருக்கலாம்லா. அந்த அம்மா முன்னால மானத்தை வாங்கிராத. உள்ளயே வையி."

உள்ளேயே வைத்துக்கொண்டேன். வெளியே இலவ மரங்கள் இலையில்லாமல் சிவப்பாகப் பூத்திருந்தன. ஆஸ்பத்திரி வரைக்கும் நான் அந்த வாக்கியத்தை மனசுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். சொல்லப் போகிறேன் என்று நினைத்து இல்லை. வாய் சும்மா இருந்தாலும் மனசு சும்மா இருக்காதே.

ஏ பீ காத்தே ஹை

மறுபடி அந்த அறை.

"பஸ், இத்னா ஹீ," என்று அவர் சொல்லி முடித்துவிட்டார். டாக்டர் பிரஷர் பட்டையைக் கட்டிப் பார்த்தார். முகம் சுருங்கியது. இன்னொரு முறை பார்த்தார். பேனாவை எடுத்து, "பர்தி கர்னா படேகா," என்றார். வார்டில் சேர்க்க வேண்டும் என்கிறார்.

 நான் பின்னால் நின்றதால் எனக்கு என் வீட்டுக்காரரின் கழுத்து தெரிந்தது. முன்வரிசையில் நின்று பாடும்போது நரம்பு புடைக்கிற கழுத்து. அது அப்படியே தொய்ந்து கீழே போனது.

என் கை பைக்குள் போனது. புட்டியை எடுத்து மாத்திரை அட்டைகளுக்குப் பக்கத்தில் வைத்தேன். சத்தமாகவே வைத்துவிட்டேன் போலிருக்கிறது. டாக்டர் நிமிர்ந்து பார்த்தார்.

"டாக்டர் சாப், ஏ பீ காத்தே ஹை," என்றேன். இதுவும் சாப்பிடுகிறார்.

"ஏளா..." என்றார் அவர் பல்லைக் கடித்துக்கொண்டு.

டாக்டர் மூடியைத் திறந்து மோந்து பார்த்தார். ஒரு நார் பிய்த்து நாக்கில் வைத்தார். கண் அகன்றது. "முலேட்டி! கித்னா காத்தே ஹை?" அதிமதுரத்துக்கு ஹிந்தியில் அதுதான் பேர். எவ்வளவு சாப்பிடுகிறார் என்கிறார்.

"தோடா தோடா, மேடம்," என்றார் அவர். கொஞ்சம் கொஞ்சமாம்.

"நஹீ," என்றேன் நான். எங்கிருந்து வந்தது அந்த வார்த்தை என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. "தோடா நஹீ. சுபஹ், தோபஹர், ஷாம். ராத் கோ சாய் ஜைசா." கொஞ்சமில்லை; காலை, மத்தியானம், சாயங்காலம், ராத்திரி டீ மாதிரி என்கிறேன். டம்ளரில் ஊற்றிக் குடிப்பதுபோலக் கையால் செய்து காட்டினேன். சட்டைப் பையைத் தொட்டுக் காட்டினேன். தலையணையைக் காட்டக் கன்னத்தில் கை வைத்துச் சாய்ந்தேன்.

டாக்டர் சிரித்தேவிட்டார். தன் அப்பாவும் குளிர்காலத்தில் இதைத்தான் வாயில் அடக்கிக்கொள்வாராம். ஆனால் எப்போதாவது ஒரு துண்டு. சிரிப்பு அடங்கியதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, மெதுவாக, எனக்குப் புரிகிற மாதிரி ஹிந்தியில் சொன்னார். என் வீட்டுக்காரரைப் பார்த்து இல்லை. என்னைப் பார்த்து.

அதிமதுரம் தொண்டைக்கு நல்லதுதான். ஆனால் நாள் தவறாமல் நிறையச் சாப்பிட்டால் உடம்பில் தண்ணீரையும் உப்பையும் தேக்கி வைக்கும். பிரஷர் ஏறும். கால் வீங்கும். வேறோர் உப்புச் சத்தை வெளியே தள்ளிவிடும். அதனால்தான் தொடையில் பலமில்லை. நீர் மாத்திரையும் சேர்ந்ததில் அது இன்னும் குறைந்திருக்கிறது. இதயத்தைக்கூடப் பாதிக்கும். இது தெரியாததால்தான் மாத்திரையைக் கூட்டிக்கொண்டே போக வேண்டியிருந்தது.

டாக்டர் அவர் காலில் கட்டைவிரலால் அழுத்தினார். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே நின்றது.

அன்று மறுபடி ரத்தம் எடுத்தார்கள். சாயங்காலம் வரை ஒரு கட்டிலில் படுக்க வைத்து, நெஞ்சில் கம்பிகளை ஒட்டி இதயத் துடிப்பைப் பார்த்தார்கள். மாத்திரைகளை மாற்றி எழுதினார் டாக்டர். அதிமதுரம் ஒரு துண்டுகூடக் கூடாது என்றார். வாரம் தவறாமல் வந்து காட்ட வேண்டும். காவடியை அப்புறம் பார்க்கலாம்.

புட்டியை என் கையில் திருப்பிக் கொடுக்கும்போது, "பஹுத் அச்சா கியா," என்றார். ரொம்ப நல்ல காரியம் செய்தீர்கள். எனக்கு எந்தப் பள்ளிக்கூடத்திலும் யாரும் அப்படிச் சொன்னதில்லை.

தீக்குச்சி நாட்கள்

வீட்டுக்கு வரும்வரை அவர் பஸ் ஜன்னல் பக்கமே திரும்பியிருந்தார். வந்ததும் பேசினார்.

"எனக்குத் தொண்டை போச்சு. இனிமே யாரு பாட? நீ பாடுதியா?"

"உங்களுக்கு உசுரு இருந்தா தொண்டை தானா வரும்," என்றேன். அதுவும் நான் சொன்னதுதான். அந்த வாரம் எனக்கு என்னவோ ஆகிவிட்டது.

உப்புத் தண்ணீரில் தொண்டையை அலசினார். வெந்நீர் குடித்தார். முதல் சில நாட்கள் வாய் சும்மா இருக்க முடியாமல் தீக்குச்சியைக் கடித்துக்கொண்டு திரிந்தார். பிறகு ஒரு நாள் காய்கறிப் பையோடு மாடி ஏறி வந்தவர், உட்காராமல் நேரே பால்கனிக்குப் போய்த் துளசிக்குத் தண்ணீர் ஊற்றினார். நானும் சுதாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அவள் அன்றைக்குக் கடைசிப் பரீட்சை எழுதிவிட்டு வந்திருந்தாள்.

"மம்மி, க்யா பாத் ஹை," என்றாள். பிரமாதம் என்கிறாள்.

ஒவ்வொரு முறையும் பிரஷர் இறங்கிக்கொண்டே வந்தது. கடைசியாகப் போனபோது சுதாவும் வந்தாள். டாக்டர் அவரைத் தாண்டி, சுதாவையும் தாண்டி, வாசலில் நின்ற என்னைப் பார்த்து உள்ளே வரச் சொல்லிக் கை காட்டினார். "ஆப் பதாயியே," என்றார். நீங்கள் சொல்லுங்கள் என்கிறார். ஸ்டூலில் உட்கார்ந்து சொன்னேன். மெதுவாக நடந்தால் காவடிக்குப் போகலாம், உடம்பு முடியாவிட்டால் உடனே நிறுத்திவிட வேண்டும் என்று அனுமதி கொடுத்தார்.

பங்குனி உத்திரம்

காலையில் அவர் சலங்கை கட்ட உட்கார்ந்தார். குளிர்காலத்தில் ஒத்திகைக்குக் கட்டிப் பார்த்தபோது வார் கடைசித் துளைக்குக்கூட எட்டவில்லை. இப்போது பழைய துளையில், எப்போதும் மாட்டுகிற இடத்தில், சிக்கென்று மாட்டியது. அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் பால்செம்பைத் தேய்க்கிற சாக்கில் குனிந்துகொண்டேன்.

பாட்டு நன்றாக வந்ததா என்றால், பொய் சொல்ல மாட்டேன். தொண்டை கரகரத்தது. மேலே போகிற இடத்தில் குரல் பிசிறியது. ஆனால் கால் தப்பவில்லை. மெதுவாகத்தான் போனோம். கூட்டமும் அவருக்காக மெதுவாக வந்தது.

அடிவாரம் வந்ததும் கூட்டம் நின்றது. அங்கே எங்களுக்கு ஒரு வழக்கம். மணி அண்ணாச்சி ஒரு டின்னைத் திறந்து, பாடுகிறவருக்கு முதலில் ஒரு துண்டு அதிமதுரம் கொடுப்பார். காவடி நாளில் யார் எதைக் கொடுத்தாலும் வேண்டாம் என்று சொல்லக் கூடாது. மோரானாலும் தண்ணீரானாலும் கை நீட்டி வாங்க வேண்டும். முருகன் கொடுக்கிறதாக அர்த்தம்.

அதிமதுரம் ஆகாது என்று இவர் அண்ணாச்சியிடம் சொல்லியிருக்கவில்லை. அண்ணாச்சி கையை நீட்டினார். "வாங்கிக்கிடும்வே. போன வருசம் இங்கனதானே கட்டிச்சு. வாயில போடும்."

இவர் அந்தக் கையைப் பார்த்தார். வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. வாங்கவும் கை வரவில்லை. பின்னால் கூட்டம் முழுக்க நிற்கிறது. ஆண்களுக்குப் பின்னால், பெண்கள் வரிசையில், பால்செம்போடு நான். அவர் திரும்பி என்னைத் தேடினார்.

எத்தனையோ வருஷமாகக் கூட்டத்தில் ஒளிந்துகொள்ளவே பழகியவள் நான். செம்பைச் சுதா கையில் கொடுத்தேன். ஆண்கள் விலகி வழிவிட, முன்னால் போய் அண்ணாச்சிக்கு முன் கை நீட்டினேன்.

"இப்படிக் குடுங்க அண்ணாச்சி. அவுகளுக்கு ஆகாது. அவுக பங்கை நான் வாங்கிக்கிடுதேன்."

என் குரல் எனக்கே நன்றாகக் கேட்டது. கடைசி வரிசைக்கும் கேட்டது என்று சுதா பிறகு சொன்னாள்.

அண்ணாச்சி என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, "அது சரி, டாக்டரம்மா சொன்னா அப்பீல் உண்டாவே?" என்று துண்டை என் உள்ளங்கையில் வைத்தார். கூட்டம் சிரித்தது. இவரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே தொண்டையைச் செருமி, காலை ஓங்கி மிதித்து, அடுத்த அடியை எடுத்தார்.

நான் பெண்கள் வரிசைக்குத் திரும்பவில்லை. அவருக்குப் பின்னாலேயே ஏறினேன். அதிமதுரம் கோயில் வாசல் வரைக்கும் வாயில் இனித்துக்கொண்டே வந்தது.